ஒரு புள்ளி எழுத்துகள்

ஞாயிறு மாலை ஆறரை. பினாங்கு, ஜெலுத்தோங்,
அடுக்குமாடியின் கீழ்த்தளம்.
மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே ஒரு சிமெண்டு மேசை,
ஊய் கெங் ஹுவாட் கொண்டுவந்த பலகை,
துணிப்பையில் நூறு வில்லைகள்.
குலுக்கினால் புளியங்கொட்டைச் சத்தம்.

ஜெசிந்தாவுக்குப்
பார்க்கிற சொல்லையெல்லாம் பிரித்துப்போடும் வியாதி.
மின்பெட்டியில் மண்டையோட்டின் கீழே டேஞ்சர் என்றிருந்தால்
"அதுக்குள்ள ஒரு கார்டன் இருக்குக்கா" என்பாள்.
கடைக் கதவில் தொங்கும் ஓப்பனைக் கலைத்தால்
ஒரு பியூன் வெளியே வருவான்,
கையில் கோப்போடு, நாளைக்கு வா என்று.
நைட்டைக் கொட்டி அள்ளினால் திங்.
இரவு என்பது வெறும் பொருள்,
தொட்டால் சில்லென்றிருக்கும்.

பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்கவில்லை.
பிறப்புப் பத்திரம் கேட்டார்கள்;
பெற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு திசை.
அட்டை கிழிந்த அகராதி ஒன்றைத்
தாள் தாளாகத் தின்று வளர்ந்தாள்.
இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு கேட்டரிங் அடுப்படி.
நானூறு பேர் சாம்பாருக்கு
உப்புப் பார்க்கிறவள் அவள்தான்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு, நாக்கு நுனி,
கண்ணை மூடுவாள்.
"இன்னும் அரைக்கை."
முப்பத்தொரு வயது. சம்பளம் உறையில்,
கையெழுத்துக் கிடையாது.

அன்றைக்கு முதல் ஆட்டம் எனக்கு.
தட்டில் இருந்த ஏழில் ஐந்து
இரண்டு சொல்லாக நின்றன.
டேஸ்ட் என்றும் வைக்கலாம், ஸ்டேட் என்றும் வைக்கலாம்.
சுவை, அல்லது அரசு.
ஏனென்று தெரியாது, இரண்டாவதை வைத்தேன்.
நடுக்கட்டம், இரட்டிப்பு, பத்துப் புள்ளி.

அவள் யோசிக்கவேயில்லை.
எல், ஈ, எஸ், எஸ்.
நான்கு வில்லைகளை என் சொல்லின் வாலில் ஒட்டினாள்,
ஓரத்துச் சிவப்பு மும்மடங்கில் போய் முட்டும்படி.
ஸ்டேட்லெஸ்.

ஒன்பது எழுத்து.
எல்லாமே ஒரு புள்ளிக்காரர்கள்.
அந்தக் கட்டத்தின் சிவப்பு
பன்னிரண்டு வருடம் அலைந்து அவள் வாங்கிய அட்டையின் சிவப்பு.
ஊய் கூட்டினார். "முப்பது."
பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.
மார்ச்சில் ஹட்யாய் போட்டிக்கு வேன் பேசியிருந்தோம்.
எட்டு இருக்கை, ஏழு பாஸ்போர்ட்.
போன வாரமே இரண்டு முறை
அதைப் பேச வாயெடுத்துத் தேநீரைக் குடித்தவர் அவர்.

நான் உளறினேன், "டேஸ்டுன்னு வச்சிருக்கணும்."
"வச்சிருந்தாலும் இதே நாலைத்தான் ஒட்டியிருப்பேன்.
டேஸ்ட்லெஸ். அதுவும் முப்பதுதான்.
நாடில்லாதவ, உப்புச்சப்பில்லாதவ.
எழுத்தும் ஒண்ணு, கணக்கும் ஒண்ணு.
என்ன, ரெண்டாவதுன்னா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

தமிழில் இப்படிக் கலைக்க வராது என்றேன், பேச்சை மாற்ற.
நாடு என்பதைத் திருப்பினால் டுநா.
அங்கே யாரும் குடியில்லை.

"கலைக்கவே வேணாமே."
பைக்குள் கைவிட்டு நான்கு புதிய வில்லைகள் தேடிக்கொண்டே சொன்னாள்:
"வச்ச மாதிரியே வச்சுப் படிங்க.
நாடு, அது இடம்.
நாடு, அது தேடிப் போன்னு ஏவுறது.
கவுண்டர்ல எனக்கு ரெண்டாவதைத்தான் சொல்றாங்க.
நான்தான் முதலாவதுன்னு கேட்டுக்கிறேன்."

பிறகு, "உங்க முறைக்கா, கடிகாரம் ஓடுது."

நாற்பத்தாறு புள்ளியில் தோற்றேன்.
பலகையைக் கவிழ்த்து வில்லைகளை அள்ளும்போது
அவள் வைத்தவற்றில் பெருங்காயம் மணத்தது.
என்னுடையவற்றோடு கொட்டி
ஊய் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்,
வழக்கத்தைவிட
அதிக நேரம்.